‘பத்துக்கு ஒன்பது’ என்று எழுதுவதற்கு முன்: பாவித்த ஸ்னீக்கரையும் ரீசேட்டையும் தரம் பிரிக்கும் முறை

கனடாவிலிருந்து மச்சான் கொண்டுவந்து தந்த ஒரு சோடி ஏர் ஜோர்டான் 4 ஸ்னீக்கர், எங்கள் வீட்டு அலுமாரியின் மேல், தகரக் கூரைக்கு இரண்டு முழம் கீழே, பெட்டிக்குள்ளேயே பத்து வருடம் இருந்தது. எனக்கு அளவு சிறிது. தம்பிமாருக்கு அளவு பெரிது. கடைசியில் ‘டி.எஸ்., 10/10’, அதாவது அணியப்படாத புதியது, பத்துக்குப் பத்து, என்று விளம்பரம் எழுதி, கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்தியில் வைத்து ஒரு பொடியனுக்கு 18,000 ரூபாவுக்குக் கொடுத்தேன். அவர் அதைப் போட்டுக்கொண்டு ஒரு கலியாண வீட்டுக்குப் போனவர், சாப்பாட்டுப் பந்திக்கு முன்னரே அழைப்பெடுத்தார்: “அண்ணை, சோல் பிட்டு மாதிரி உதிருது.”

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் நான் எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதுதான் என்னை நெடுநாள் உறுத்தியது. அந்தச் சோடியை எவரும் ஒரு தடவையேனும் அணிந்ததில்லை. ஆகவே அது டி.எஸ். தான். வாங்கியவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரே விடயத்தை அந்தச் சொல் சொல்லவில்லை, அவ்வளவுதான். பொருளின் நிலையைக் குறிக்க வெளிநாட்டு விற்பனைத் தளங்களில் புழங்கும் இத்தகைய நிலைச்சொற்களை நாங்கள் அப்படியே எடுத்து எங்கள் விளம்பரங்களில் ஒட்டுகிறோம். அங்கே பலவேளை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையில் ஒரு நிறுவனம் நின்று பொருளைப் பரிசோதிக்கிறது. இங்கே இடையில் இருப்பது கூரியர்ப் பொதியோ பேருந்து நடத்துநரோ மட்டுமே. எனவே ஒவ்வொரு சொல்லும் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை அறிந்து எழுதுவது எப்படி என்று இந்த வழிகாட்டியில் படிப்படியாகப் பார்ப்போம்.

முதற்படி: நான்கு கேள்விகளைத் தனித்தனியே வைத்தல்

ஒரு பொருளைப் பற்றி வாங்குபவர் அறிய விரும்புவது நான்கு விடயங்கள்: எவ்வளவு பாவிக்கப்பட்டது, எந்த ஆண்டில் செய்யப்பட்டது, அதனுடன் வந்தவை எல்லாம் இருக்கின்றனவா, அசலா. நிலைச்சொல் என்பது முதற் கேள்விக்கு மட்டுமே விடை. மற்ற மூன்றையும் அதற்குள் திணிக்கும்போதுதான் வாக்குவாதம் தொடங்குகிறது.

இவற்றுள் மிகவும் குழப்பப்படுவது அசல் பற்றிய கேள்வி. ‘ஏ கிரேட்’, ‘மாஸ்டர் கொப்பி’, ‘ஃபெர்ஸ்ட் கொப்பி’ என்று சந்தையில் சொல்லப்படுபவை நிலையைக் குறிப்பன அல்ல. போலி எவ்வளவு நெருக்கமாகச் செய்யப்பட்டிருக்கிறது என்பதைக் குறிப்பன. புத்தம் புதிய கொப்பியும் கொப்பிதான். இதற்கு நேர்மாறானது ‘பி-கிரேட்’: அது அசல் உற்பத்தியாளரின் பொருள், ஆனால் தையல் கோணல், பசைக் கறை, நிற வேறுபாடு போன்ற தொழிற்சாலைக் குறை காரணமாக ஒதுக்கப்பட்டது. நைக்கி இத்தகைய சோடிகளைப் பெட்டியில் அடையாளமிட்டுத் தள்ளுபடிக் கடைகளில் விற்பதுண்டு. ‘சேர்ப்ளஸ்’ என்று எங்கள் கடைகளில் தொங்கும் உடுப்புகளில், ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியதும், குறைக்காகக் கழிக்கப்பட்டதும், வேறெங்கோ தைத்து அடையாளத்துண்டு மட்டும் ஒட்டப்பட்டதும் கலந்தே இருக்கும். ஆகையால் அந்தச் சொல்லைத் தர உறுதிப்பாடாக எடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை.

இரண்டாம் படி: சொற்களின் பொருளைச் சரியாகப் பிடித்தல்

டெட்ஸ்டொக் என்பதன் சுருக்கமே டி.எஸ். கடையிலோ களஞ்சியத்திலோ விற்கப்படாமல் தேங்கி, உற்பத்தியும் நின்றுபோன சரக்கையே அது முதலில் குறித்தது. ஸ்னீக்கர் வணிகத்தில் அப்பொருள் தேய்ந்து, இன்று ‘புதியது, அணியப்படாதது’ என்ற அளவிலேயே நிற்கிறது. நேற்று கடையில் வாங்கியதையும் டி.எஸ். என்கிறார்கள். வீட்டுக்குள் பாயின்மேல் ஒரு தடவை போட்டுப் பார்த்தது டி.எஸ். ஆகுமா என்பது தீராத வழக்கு. என்னைக் கேட்டால் ஆகாது. கடையில் அளவு பார்ப்பது வேறு. வீட்டில் நாடா கட்டி, கண்ணாடி முன் நான்கு எட்டு நடப்பது வேறு. பின்னதற்குப் பெயர் வி.என்.டி.எஸ்.: டெட்ஸ்டொக்குக்கு மிக அண்மையானது. ஓரிரு தடவை, அதுவும் சுத்தமான இடத்தில் அணிந்து, சோலில் புழுதி மட்டும் பட்டு, மடிப்பு விழாமல் இருந்தால் அச்சொல் பொருந்தும். மூன்று கோயில் திருவிழாவும் ஒரு பிறந்தநாளும் கண்ட சோடிக்கு அது பொருந்தாது.

பி.ஏ.டி.எஸ். என்ற சொல்லைக் கண்டால் நான் எச்சரிக்கையாகிவிடுவேன். ‘டெட்ஸ்டொக் என்று சொன்னால் நம்பலாம்’ என்பதே அதன் கருத்து. அதாவது, அணியப்பட்டது என்பதை விற்பவரே ஒப்புக்கொள்கிறார், ஆனால் எத்தனை தடவை என்பதைச் சொல்லவில்லை. அதே இடத்தில் ‘இரண்டு தடவை அணிந்தது’ என்று எழுதினால் வாங்குபவருக்கு வேலை மிச்சம்.

உடுப்புகளுக்கு வேறு சுருக்கங்கள் உள்ளன. என்.டபிள்யூ.டி. என்பது கடைத் துண்டு அறுக்கப்படாத புதியது. என்.டபிள்யூ.ஓ.டி. என்பது துண்டு இல்லாத புதியது. இதை நிரூபிக்க வழியில்லை, எனவே சொல்பவரின் பெயர்தான் அதற்குப் பிணை. பி.என்.ஐ.பி. என்பது பெட்டியுடன் வரும் புத்தம் புதியது. ஈ.யு.சி. என்பது மிக நல்ல நிலையிலுள்ள பாவித்த பொருள், ஜி.யு.சி. என்பது நல்ல நிலையிலுள்ள பாவித்த பொருள். இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு முழுக்க எழுதுபவரின் மனநிலையைப் பொறுத்தது என்பது என் கணிப்பு.

‘ஓஜி’ (ஒரிஜினல்) என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதால் அதைத் தனியே கவனிக்க வேண்டும். ‘ஓஜி ஓல்’ என்றால் பெட்டி, மேலதிக நாடா, தொங்கு அட்டை என்று உடன் வந்தவை யாவும் உள்ளன என்று பொருள். ஆனால் ‘ஓஜி ஜோர்டான் 1’ என்றால் 1985 இல் முதன்முதல் வெளிவந்த பதிப்பு என்றும் விளங்கிக்கொள்ளலாம். பின்னர் வந்தவை ‘ரெட்ரோ’ எனப்படும். போதாக்குறைக்கு, பழைய வடிவத்தைப் பின்பற்றிச் செய்த புதிய சோடிகளின் பெயரிலேயே ஓஜி என்ற எழுத்துகள் சேர்க்கப்பட்டிருக்கும். ‘ஓஜி பெட்டி உண்டு’ என்று முழுதாக எழுதிவிட்டால் சிக்கல் இல்லை.

தேய்மானப் பக்கத்தில் ‘பீட்டர்’ என்ற சொல் உண்டு. அது மழை வெயில் பாராமல் அன்றாடம் மிதிக்கும் சப்பாத்தைக் குறிக்கும். மலிவாகக் கேட்டு வாங்கவும், நேர்மையாக விற்கவும் அதைவிட நல்ல சொல் இல்லை.

தளத்துக்குத் தளம் படிகளும் மாறுகின்றன. 2016 இல் தொடங்கிய ஸ்டொக்எக்ஸ், ஸ்னீக்கரைப் பொறுத்தவரை அணியாத புதிய சோடிகளை மட்டும் விற்பதையே தன் முறையாக வைத்து வளர்ந்தது. கோட் என்ற தளம் பாவித்தவற்றையும் ஏற்றது. கிரெய்ல்ட் தளத்தில் புதியது, மென்மையாகப் பாவித்தது, பாவித்தது, மிகவும் தேய்ந்தது என்ற வரிசை உண்டு. ஈபேயிலோ ‘குறைபாட்டுடன் புதியது’ என்று தனி வகையே உண்டு. ஆகவே வெளிநாட்டு விளம்பரத்தின் திரைப்பிடிப்பைக் காட்டி ‘அங்கே இதே நிலைக்கு இவ்வளவு விலை’ என்று பேசுவதற்கு முன், அந்தத் தளத்தின் படிவரிசையில் அது எத்தனையாவது படி என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: சப்பாத்தைக் கையில் எடுத்துப் பார்த்தல்

காலை ஒன்பது மணியளவில் விறாந்தையில், நேர்வெயில் படாத இடத்தில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துச் சோடியை வையுங்கள். மின்குமிழ் வெளிச்சத்தில் மஞ்சள் நிறம் மறைந்துவிடும். எடுத்துக்காட்டுக்கு, எங்கள் பக்கத்தில் அதிகம் புழங்கும் நைக்கியின் வெள்ளை ஏர் ஃபோர்ஸ் 1 ஐ எடுத்துக்கொள்வோம்.

முதலில் அடியைத் திருப்புங்கள். பார்வை பொதுவாக மேற்பகுதிக்கே போகும், ஆனால் நடந்த கணக்கு அடியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. இச்சப்பாத்தின் அடிறப்பரில், விரல்முனைப் பக்கம், சிறு நட்சத்திரங்கள் உண்டு. அவற்றின் கூர் இன்னும் தட்டுப்பட்டால் பாவனை குறைவு. மழுங்கியிருந்தால் சில மாத நடை. மறைந்திருந்தால் மேலே எவ்வளவு பளபளத்தாலும் அது பீட்டர்தான். அடுத்ததாகக் குதியின் வெளிவிளிம்பைப் பாருங்கள். பலர் குதியை இழுத்து நடப்பவர்கள் என்பதால் அந்த ஓரம் சரிந்து தேய்ந்திருக்கும். இரண்டு காலிலும் ஒரே அளவு தேயாது. தேய்மானத்தைப் படமெடுக்கும்போது கூடுதலாகத் தேய்ந்த காலையே காட்டுங்கள்.

பிறகு விரல்பெட்டி, அதாவது கால்விரல்களை மூடும் முன்பகுதி. கால் மடங்கும் இடத்தில் தோலில் விழும் கோடுகளே மடிப்பு. மடிப்பு இருப்பது குறையல்ல, பாவித்ததற்கான சான்று. ஆனால் மடிப்பின் அடியில் பூச்சு வெடித்திருக்கிறதா என்று பெருவிரலால் மெல்ல விரித்துப் பார்க்க வேண்டும். வெடித்த மடிப்பும் வெடிக்காத மடிப்பும் ஒரே தரமல்ல. அதற்கடுத்துப் பசைக்கோடு: மேற்பகுதியும் சோலும் சந்திக்கும் விளிம்பில் நகத்தை ஓட்டிச் சென்றால், ஒட்டு விட்டிருக்கும் இடத்தில் நகம் உள்ளே இறங்கும். உட்புறத்தில் குதி மெத்தையின் துணி கிழிந்திருக்கிறதா, உள்மெத்தையின் எழுத்து அழிந்திருக்கிறதா என்று பாருங்கள். மணத்தையும் விட்டுவிட வேண்டாம். வாசனைத் திரவம் தெளித்த சப்பாத்தை இரண்டு நாள் பெட்டிக்குள் மூடிவைத்துத் திறந்தால் உண்மை வெளியே வரும்.

வன்னிக்கென்று இரண்டு கறைகள் உண்டு. ஒன்று, கிரவல் வீதியின் செம்புழுதி. அது வெள்ளைத் தையல்நூலுக்குள் இறங்கிவிட்டால் பற்தூரிகையும் சவர்க்காரமும் கொண்டு தேய்த்தாலும் இளஞ்சிவப்பாக நின்றுவிடும். ‘சுத்தம் செய்தால் போய்விடும்’ என்று எழுதுபவர்கள் அதைத் தாங்களே செய்து காட்டிவிட்டு எழுத வேண்டும் என்பது என் பிடிவாதம். மற்றது மாரியின் சேறு. ஐப்பசி, கார்த்திகையில் நனைந்து ஈரத்தோடு மூலையில் கிடந்த சப்பாத்தின் உட்துணியில் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் பிடிக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் சோடிகளுக்கோ வேறு அடையாளம்: குளிர்காலத்தில் வீதிகளில் உப்புக் கொட்டும் நாடுகளில் போட்ட சப்பாத்தாயின், சுவேட் தோலில் அலை ஒதுங்கியதுபோல் வெள்ளைக் கோடு தெரியும். உறவினர் கொண்டுவந்து தந்த பொருளை விற்கும்போது ‘பனிக்குள்ள போட்டதோ?’ என்று ஒரு குரல்பதிவு அனுப்பிக் கேட்டுவிடுவது நல்லது.

நான்காம் படி: வயதையும் வெக்கையையும் கணக்கில் எடுத்தல்

என் ஜோர்டான் 4 ஏன் உதிர்ந்தது என்பதற்கு இங்கே வருகிறேன். 1989 இல் முதலில் வெளிவந்த அம்மாதிரியின் நடுச்சோல், அதாவது அடிறப்பருக்கும் மேற்பகுதிக்கும் இடையிலுள்ள மெத்தை, பொலியூரித்தேன் நுரையால் ஆனது. ஜோர்டான் 3, 5, 6 ஆகியவற்றிலும் அதுவே. இந்த நுரை காற்றிலுள்ள ஈரத்தோடு மெல்ல மெல்ல வினைபுரிந்து உடைகிறது. பாடசாலை இரசாயனத்தில் படித்த நீர்ப்பகுப்புத்தான் இது. வெப்பமும் ஈரப்பதனும் கூடக்கூட வேகமும் கூடும். கோடை முழுதும் சூளைபோலக் காய்ந்து, மாரியில் ஊறும் எங்கள் வீட்டுக் கூரையடி இதற்கு எவ்வளவு தோதான இடம் என்று சொல்லத் தேவையில்லை. அணியாமல் வைத்திருந்தால் பாதுகாப்பு என்ற நம்பிக்கையும் இங்கே பலிக்காது. இடையிடையே அணியும் சோடி, பெட்டிக்குள் அடைபட்ட சோடியைவிட நெடுநாள் தாங்குவதுண்டு என்பது சேகரிப்பவர்களின் பொதுவான அனுபவம்.

எல்லாச் சோலும் இப்படியல்ல. ஜோர்டான் 1 இன் றப்பர்க் கிண்ணச் சோல் இவ்விதம் மாவாவதில்லை. ஈ.வி.ஏ. என்ற இலேசான வகை நுரை உதிராது, ஆனால் அமர்ந்து இறுகிவிடும். 2013 இல் அடிடாஸ் அறிமுகப்படுத்திய பூஸ்ட் நுரை இவ்வாறு பொடியாகாது, மஞ்சள் பூக்கும்.

எனவே சப்பாத்தின் நாக்கின் உட்பக்கத்திலுள்ள அளவுத் துண்டைத் தேடுங்கள். நைக்கி சோடிகளில் ஆறு எழுத்தெண்களும் ஒரு கோடும் மூன்று இலக்கங்களுமாக மாதிரி இலக்கம் இருக்கும். எடுத்துக்காட்டாக வெள்ளை ஏர் ஃபோர்ஸ் 1 இன் ஒரு பதிப்புக்கு சி.டபிள்யூ.2288-111. அந்த இலக்கம் பெட்டியின் ஒட்டுத்தாளிலும் அதேயாக இருக்க வேண்டும். பல துண்டுகளில் உற்பத்தித் திகதியும் உண்டு. அமெரிக்க முறைப்படி மாதமே முதலில் வரும் என்பதை மறந்து, மூன்றாம் மாதம் பதினொராம் திகதியைக் கார்த்திகை மூன்று என்று நானே ஒருமுறை எழுதியிருக்கிறேன். பொலியூரித்தேன் சோலாக இருந்து வயது ஆறேழு ஆண்டைத் தாண்டினால், நடுச்சோலைப் பெருவிரலால் அழுத்துங்கள். நல்ல நுரை அமர்ந்து எழும். கெட்டது பிசுபிசுக்கும், அல்லது கீறல் விட்டுப் பொடி கொட்டும். இந்தச் சோதனையை வாங்குபவர் செய்தால் விற்பவர் கோபிப்பது வழமை. சோதனையை விற்பவரே செய்து காணொளியாக அனுப்பிவிட்டால் கோபத்துக்கு இடமில்லை.

இப்போது நான் அத்தகைய சோடிக்கு எழுதும் வாசகம்: ‘அணியப்படாதது. செய்த ஆண்டு இன்னது. சோல் வயதானது, நடக்க உத்தரவாதமில்லை. காட்சிக்கோ சோல் மாற்றத்துக்கோ மட்டும்.’ விலை பாதிக்குக் கீழே விழும். விழட்டும்.

மஞ்சள் பூத்த ஒளிபுகும் சோலை ஐதரசன் பெரொக்சைட்டுப் பூசி வெயிலில் வைத்து வெளுக்கவைக்கும் வழக்கமும் உண்டு. அதில் தவறில்லை, மறைப்பதில்தான் தவறு, ஏனெனில் மஞ்சள் மெல்லத் திரும்பிவரும். மீள நிறம் தீட்டியது, சோல் மாற்றியது, மீண்டும் பசையிட்டது ஆகிய மூன்றுக்கும் இதே விதி. புத்தம் புதிதாய்த் தெரிந்தாலும் அவை ‘திருத்தியவை’ என்ற தலைப்பின் கீழேயே வர வேண்டும்.

ஐந்தாம் படி: உடுப்பு

ரீசேட்டிலும் ஹூடியிலும் தேய்மானம் மூன்று இடங்களில் முதலில் காட்டும்: கொலர், அக்குள், அச்சிட்ட படம். கொலர் இழுபட்டு அலையலையாய் நின்றால் அது ‘நல்ல நிலை’ அல்ல. அக்குளில் மஞ்சட் கறையை வெளிப்புறம் மட்டுமன்றி உட்புறம் திருப்பியும் பார்க்க வேண்டும். அச்சுப்படத்தை மெல்ல இழுத்துப் பார்த்தால் மயிரிழை வெடிப்புகள் தெரியும். இழுக்காமலே தெரிந்தால் அதைப் படத்தில் காட்டியே ஆக வேண்டும். சில நிறுவனங்கள் வேண்டுமென்றே வெடிப்பும் கிழிசலும் நிறமங்கலும் வைத்துத் தைக்கின்றன. அவ்வாறாயின் ‘தொழிற்சாலையிலேயே இப்படி’ என்று எழுதி, நிறுவனத்தின் படத்தையும் அருகில் வையுங்கள்.

அளவுத் துண்டை நம்பி வாங்குவதும் விற்பதும் வீண். வெளிநாட்டில் உலர்த்தும் இயந்திரத்தில் போட்ட பருத்தி உடுப்பு சுருங்கியிருக்கும். எல் என்று எழுதியிருப்பது எம் ஆகிவிட்டிருக்கும். மேசைமீது தட்டையாக விரித்து, ஓர் அக்குளிலிருந்து மற்ற அக்குள்வரை ஓர் அளவும், தோள் உச்சியிலிருந்து கீழ்விளிம்புவரை ஓர் அளவும் அங்குலத்தில் எடுத்து எழுதுங்கள். இங்கே பாவித்த உடுப்பாயின் கொடியில் காய்ந்த அடையாளத்தையும் தேட வேண்டும். வெயில் பட்ட தோள் வெளிறி, படாத பக்கம் கருமையாக நிற்கும். எங்கள் கிணறுகள் பலவற்றின் தண்ணீர் கடினமானது என்பதால், கறுப்புத் துணியில் சாம்பல் படிந்ததுபோன்ற ஒரு மங்கலும் சேரும். தனியே பார்த்தால் தெரியாது; வேறொரு புதிய கறுப்புத் துணியைப் பக்கத்தில் வைத்தால் உடனே தெரியும்.

ஆறாம் படி: இலக்கம் போடுதல்

பத்துக்கு இத்தனை என்று எண்ணைச் சொல்வதில் ஒரு சூது உண்டு: எவரும் ஏழுக்குக் கீழே போவதில்லை. அதனால் ஏழு என்றால் வாங்குபவர் ஐந்து என்று வாசிக்கிறார், விற்பவர் அதைத் தெரிந்து எட்டு என்று எழுதுகிறார். நான் முதலில் குறைகளை வரிசையாக எழுதிவிட்டு, கடைசியிலேயே எண்ணைப் போடுகிறேன். பத்து என்பது அணியாததும் குறையில்லாததும் மட்டும். ஒன்பதுக்கு, அரை முழத் தூரத்தில் கண்ணுக்குத் தெரியும் குறை எதுவும் இருக்கக் கூடாது. எட்டில் மடிப்பும் இலேசான தேய்வும் அடங்கும். ஏழில் கழுவினாலும் போகாத ஒரு கறையாவது இருக்கும். ஆறும் அதற்குக் கீழும் வெடிப்பு, ஒட்டு விடுதல், கிழிசல் போன்றவற்றுக்கு. பெட்டி இல்லை என்பதற்காகச் சப்பாத்தின் எண்ணைக் குறைப்பதில்லை. அது முழுமை பற்றிய கேள்வி, தனி வரியில் வரும். இரண்டு எண்களுக்கிடையில் தடுமாறினால் கீழுள்ளதை எடுத்துக்கொள்கிறேன்.

சென்ற மாதம் போட்ட விளம்பரம் ஒன்று இப்படி இருந்தது: ‘நைக்கி ஏர் ஃபோர்ஸ் 1, வெள்ளை, யூகே 8. ஏறத்தாழ இருபது தடவை அணிந்தது. வலக்கால் குதி வெளிவிளிம்பு தேய்ந்துள்ளது (படம் 4). விரல்பெட்டியில் மடிப்பு உண்டு, வெடிப்பு இல்லை. இடக்கால் தையலில் செம்புழுதிக் கறை, கழுவியும் போகவில்லை (படம் 6). ஒட்டு விடவில்லை. நிறம் தீட்டவில்லை. பெட்டி உண்டு, மூடி நசிந்தது. நாடா புதியது, அசல் நாடா இல்லை. 7/10.’ கேள்வி கேட்டு வந்த செய்திகள் இரண்டே இரண்டு. இரண்டும் விலையைப் பற்றியவை.

கைமாற்றும்போது

மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ இருப்பவருக்குப் பொதியாக அனுப்புவதாயின், பொதி கட்டுவதற்குச் சற்று முன், அன்றைய திகதி எழுதிய தாளைச் சப்பாத்தின் அருகில் வைத்து ஒரு காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். பொதி கிடைத்தவரும் அதைப் பிரிப்பதைக் காணொளியாக எடுக்குமாறு முன்கூட்டியே பேசிவையுங்கள். சந்தியில் நேரே கொடுப்பதாயின் மாலை மங்கலில் வேண்டாம். தெருவிளக்கின் கீழ் எல்லாச் சோலும் வெள்ளையாகத்தான் தெரியும். வாங்குபவர் அடியைத் திருப்பிப் பார்த்து, பசைக்கோட்டில் நகம் ஓட்டி, நடுச்சோலை அழுத்தி, போட்டு நான்கு எட்டு நடந்து முடிக்கும்வரை பணத்தைக் கையில் வாங்காமல் நிற்பதே என் வழக்கம்.